நேர்ச்சொல்

முடக்கிய கட்டளைகளைப் பற்றிய பாடத்தை மரகதவல்லி எப்போதும் கடைசி வாரத்துக்குத்தான் வைத்துக்கொள்வாள். முன்கூட்டியே சொன்னால் புதியவர்கள் மிரண்டுவிடுவார்கள். சொல்லாமலே விட்டாலும் வம்பு. என்றைக்காவது பேருந்திலோ மருத்துவமனையிலோ விரல் தவறி அந்தக் கட்டளையைத் தொட்டுவிட்டு, கண்ணாடியில் வரும் கேள்வியைப் பார்த்ததும் கருவி கெட்டுப்போய்விட்டது என்று கழற்றி வைத்துவிடுவார்கள்.

திருப்பூரில் அப்போது பேச்சுத்தொகுப்பான் இல்லாமல் வாழ முடியாது என்ற நிலை வந்துவிட்டிருந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய பட்டை, கண்ணில் ஒரு கண்ணாடி, சுட்டுவிரலில் ஒரு வளையம், அவ்வளவுதான். பேச நினைத்ததும் தொண்டைத் தசைகளில் ஏற்படும் நுண்ணிய அசைவைப் பட்டை படித்துவிடும். நினைத்தது கண்ணாடியின் கீழோரத்தில் ஒரு வரியாக வந்து நிற்கும். வளையத்தைத் திருப்பி வேண்டாத சொல்லை எடுக்கலாம், வேறு சொல்லைப் போடலாம், வரியையே அழித்துவிடலாம். திருப்தியானதும் 'அனுப்பு' என்றால், பட்டை அந்த வரியை அவரவர் சொந்தக் குரலிலேயே பேசும். பழகியவர்களுக்கு இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும்.

பொது இடங்களில் பேசுவதெல்லாம் பதிவாகத் தொடங்கிய காலத்தில் வந்த கருவி அது. வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்காக வேலை போனவர்களும், வழக்கில் மாட்டியவர்களும் முதலில் வாங்கினார்கள். பிறகு எல்லோரும் வாங்கினார்கள். சந்தையில் சண்டை குறைந்தது. மாமியார் மருமகள் வழக்குகள் இல்லாமல் குடும்ப நீதிமன்றத்தில் பாதி அறைகளைப் பூட்டினார்கள். வெறும் வாயால் பேசுகிறவர்களைக் கண்டால், சட்டை போடாமல் கடைக்கு வந்துவிட்டவரைப் பார்ப்பதுபோல் மற்றவர்கள் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். அதனால் தொகுப்பான் எட்டாத மலைகளிலிருந்தும் கடலிலிருந்தும் ஊருக்குள் குடிவருகிறவர்கள் முதல் வேலையாக மரகதவல்லியின் பயிற்சி மையத்துக்கு வந்தார்கள்.

அன்று வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"முடக்கி வெச்சிருக்குன்னா, எடுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லைங்க," என்றாள் மரகதவல்லி. "கட்டளை உள்ளேயேதான் இருக்குது. நீங்க கூப்பிட்டா, வர்றதுக்கு முன்னாடி உங்களை ஒரு கேள்வி கேக்கும். அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சாப் போதும்."

அந்தக் கேள்வியைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். இந்தக் கட்டளை முடக்கப்பட்டுள்ளது, புதியவர்களைக் குழப்பக்கூடும், இருந்தாலும் பயன்படுத்த வேண்டுமா என்று அதில் இருந்தது. கீழே மூன்று விடைகள்: வேண்டாம், இந்த ஒருமுறை மட்டும், இனி எப்போதும். நிரல் எழுதுகிறவர்கள் கணினியில் வைத்திருந்த பழைய எழுத்துத்தொகுப்பான்களிலிருந்து வந்த வழக்கம் இது என்று விளக்கினாள். ஆபத்தான கட்டளையை அவர்கள் நீக்கிவிடவில்லை. தெரியாதவன் கை தவறித் தொட்டால் ஒரு நொடி நின்று யோசிக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

முதலில் 'ஒடுக்கு' என்ற கட்டளையைச் செய்து காட்டினாள். நடந்துகொண்டிருக்கும் பேச்சில் ஒரு பகுதியை மட்டும் கண்ணாடியில் நிறுத்தி, மற்றதை மறைத்துவிடும் கட்டளை அது. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி அதை முயன்றுவிட்டு, காலையிலிருந்து பேசியதெல்லாம் அழிந்துவிட்டது என்று கிட்டத்தட்ட அழுதேவிட்டாள். 'விரி' என்றதும் எல்லாம் திரும்பி வந்தன. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது நேர்ச்சொல். இந்தக் கட்டளையைத் திறந்தால் கண்ணாடியில் வரி வராது. நினைத்தது நினைத்தபடி, திருத்தம் எதுவும் இல்லாமல், அப்படியே குரலாகிவிடும். பட்டையின் நடுவில் எப்போதும் பச்சையாக இருக்கும் சிறு மணி அப்போது மஞ்சளாக மாறும். எதிரில் இருப்பவருக்கு அது ஓர் எச்சரிக்கை.

பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். பெயர் செங்கோடன். ஐம்பதைத் தாண்டியவர். நடுக்கடலில் நிற்கும் காற்றாலைகளில் ஏறி இறக்கைகளைப் பழுது பார்த்தவர். முழங்காலில் அடிபட்டதும் வேலையை விட்டுவிட்டு மனைவியிடம் வந்து சேர்ந்திருந்தார். இந்தக் கட்டளை எல்லார் பட்டையிலும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். தனக்குத் தெரிந்து இல்லை என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் மட்டும் நின்றார். பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் வாயாலேயே பேசினார். மையத்துக்குள் அதற்கு அனுமதி உண்டு.

அவருடைய மனைவி துளசிமணி பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வெட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர். தொகுப்பான் வந்த புதிதிலேயே அணிந்தவள். அவர் கடலில் இருந்த காலமெல்லாம் வருடத்துக்கு இருபது நாள், ஒரு மாதம் என்றுதான் வீட்டில் இருந்திருக்கிறார். இப்போது வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த நாள் முதல் அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும், அவள் எழுந்து போகும் நேரத்தில் குளியலறையை அடைத்துக்கொண்டாலும், இனிமையாக ஒரு வரிதான் வருகிறது.

"கோவமே வர மாட்டேங்குதுங்க அவளுக்கு," என்றார் செங்கோடன். "எனக்கு அதான் பயமா இருக்குது. நான் வந்தது அவளுக்குச் சந்தோசமா இல்லியான்னே தெரியலீங்க டீச்சர். கேட்டா, சந்தோசம்னுதான் சொல்றா. பச்சையில சொல்றா."

பட்டையைக் கழற்றிவிட்டுப் பேசச் சொல்லலாமே என்று அவருக்கே தோன்றியிருந்தது. ஆனால் அது நடக்காது. பட்டை வேலை செய்யும்போது குரல் நாண்களை அடக்கி வைக்கும். நெடுங்காலம் அணிந்தவர்களுக்குத் தொண்டை பழக்கம் விட்டுப்போய், கழற்றினால் காற்றுத்தான் வரும். துளசிமணிக்கு வெறும் வாயால் பேச மறுபடியும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். நேர்ச்சொல் ஒன்றுதான் வழி.

அவளுடைய கருவியில் அதைத் தன்னால் திறந்துவிட முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்றாள் மரகதவல்லி. அந்தக் கேள்விக்கு அணிந்தவர் மட்டுமே பதில் சொல்ல முடியும். வேண்டுமானால் அவளிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் வற்புறுத்த வேண்டாம் என்றும் சொன்னாள். நேர்ச்சொல்லில் பேசியதை யாராலும் திரும்பப் பெற முடியாது. அவர் தலையாட்டிவிட்டு நொண்டி நொண்டிப் படியிறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் மையத்தை மூடும் நேரத்துக்கு ஒரு பெண் வந்தாள். வெட்டுத்தூசி ஒட்டிய புடவை, நேராக வாரிய தலை. தான் செங்கோடனின் மனைவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. தான் கருவி வாங்கிய காலத்தில் இப்படி வகுப்பெல்லாம் கிடையாது, பெட்டியைப் பிரித்து அணிந்துகொண்டதுதான் என்றாள். ஒருமுறை அந்தக் கேள்வி தானாகக் கண்ணாடியில் வந்துவிட்டதாம். என்ன செய்வதென்று தெரியாமல், அது மறையும்வரை தையல் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். இப்போது கணவர் கேட்கிறார். கேட்டது நியாயம்தான். 'இனி எப்போதும்' என்பதைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால் நாளைக்குத் தொழிற்கூடத்தில் நூறு பேர் முன்னால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய கவலை. ஒருமுறை மட்டும் திறப்பதைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள்.

மரகதவல்லி அவளை உட்காரவைத்து நிதானமாகக் காட்டினாள். வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், நடு விடையில் எப்படி நிறுத்த வேண்டும், மூச்சு விட்டதும் தானாக எப்படி மூடிக்கொள்ளும் என்பதையெல்லாம் சொன்னாள். துளசிமணி கவனமாகக் கேட்டுவிட்டு, டீச்சர் இதைச் செய்து பார்த்ததுண்டா என்று விசாரித்தாள்.

இல்லை என்று சொல்ல மரகதவல்லிக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல், வீட்டில் செய்வதற்கு முன் இங்கே ஒருமுறை முயன்று பாருங்கள், என்னிடம் எது சொன்னாலும் பரவாயில்லை என்றாள்.

துளசிமணி கண்களை மூடிக்கொண்டாள். வளையம் மெல்லத் திரும்பியது. மணி மஞ்சளானது. எதையாவது சும்மா சொல்லிப் பார்க்கத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"எனக்கு அவரு திரும்பி வந்ததே புடிக்கலீங்க."

அது அதுவரை கேட்ட குரல் அல்ல. கரகரப்பாக, வேகமாக, மூச்சு முட்டி வந்தது. மணி உடனே பச்சைக்குத் திரும்பிவிட்டது. துளசிமணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலி வந்தது வாயிலிருந்து அல்ல என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மெல்லக் கைகளை இறக்கினாள். பிறகு, பச்சையில், சொல் சொல்லாகத் தேர்ந்து துளசிமணி சொன்னாள். இப்படி ஒரு வரியைத் தன் கண்ணாடியில் அவள் என்றுமே பார்த்ததில்லை. மரகதவல்லிக்கு அதன் காரணம் தெரியும். நீண்ட நாள் பழகிய தொகுப்பான், அணிந்தவர் வழக்கமாக என்ன திருத்துவார் என்று கற்றுக்கொண்டுவிடும். பிறகு அது நினைத்த வரியைக் காட்டாது, திருத்திய வரியையே முதலில் காட்டும். இத்தனை வருடமாகத் துளசிமணி தன்னுடைய பேச்சின் இரண்டாம் படியை மட்டுமே படித்து வந்திருக்கிறாள். கோபம் வருகிறதா இல்லையா என்பது அவளுக்கே தெரியாமல் போயிருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். சொல்வதாக இருந்தால் நானே சொல்கிறேன் என்றாள்.

அன்று வீட்டில் கணவருக்குச் சோறு பரிமாறிவிட்டு, மரகதவல்லி நேர்ச்சொல்லைத் தொட்டுப் பார்த்தாள். கேள்வி வந்து நின்றது. மூன்று விடைகளையும் படித்தாள். 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டு, குழம்பு எப்படி இருக்கிறது என்று பச்சையில் கேட்டாள். அவர் நன்றாக இருக்கிறது என்றார். அவருடைய மணியும் பச்சைதான்.

கடைசி நாள் தேர்வுக்குச் செங்கோடன் வந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அவரோ தேர்வைச் சுமாராக எழுதிவிட்டு, எல்லோரும் போன பிறகு பட்டையைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்தார்.

"சொல்லிப்போட்டாளுங்க," என்றார். "மஞ்சள்ல சொல்லிப்போட்டா. நான் வந்தது புடிக்கலியாமா. அவ ஊட்டுல யாரோ புகுந்துட்ட மாதிரி இருக்குதாமா. துண்டு, குளிக்கிற ரூமு, டிவி சத்தம், ஒண்ணு விடல. ஒருமுறை தொறந்தது மூடிக்கிட்டா, மறுபடியும் தொறந்து திட்டறா. நானும் வெறும் வாயில திருப்பிக் குடுத்தேன்."

"அப்புறம்?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"அப்புறம் ரெண்டு பேருக்கும் பசிச்சுருச்சுங்க. சாப்புட்டோம்." அவர் பட்டையைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "பின்னாடி இருக்கற சின்ன ரூமை எனக்குன்னு ஒதுக்கிக்கிட்டேன். அவ கெளம்பற வரைக்கும் நான் குளிக்கறதில்ல. எனக்கென்னமோ இப்பத்தானுங்க ஊட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்குது."

அன்று முழுவதும் மரகதவல்லிக்கு மனம் லேசாக இருந்தது. அந்தக் கட்டளையை நீக்காமல் விட்டுவைத்தவர்கள் யாரோ, அவர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

மஞ்சள் செங்கோடனால்தான் பரவியது என்று சொல்ல முடியாது. பல ஊர்களில், பல வீடுகளில், ஏறக்குறைய ஒரே காலத்தில் அது தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அவரும் தேநீர்க் கடையில் நாலு பேரிடம் சொன்னார். முதலில் கணவன் மனைவிகள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு நிச்சயதார்த்தத்தில் மணப்பெண்ணிடம் மஞ்சளில் சம்மதம் கேட்பது வழக்கமாயிற்று. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், குடிவருகிறவரை மஞ்சளில் பேசச் சொன்னார்கள். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் இன்று பறித்ததா என்று கேட்டவர்கள், பதிலைவிட மணியைத்தான் கவனித்தார்கள். சிலகாலம் ஊரில் சண்டையும் அழுகையும் பெருகின. பூட்டிய நீதிமன்ற அறைகளில் இரண்டைத் திறந்தார்கள். ஆனாலும் பழைய பச்சைக்குத் திரும்ப யாருக்கும் விருப்பமில்லை. பச்சையில் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்றாகிவிட்டது.

அடுத்த ஆண்டு துளசிமணியின் நிறுவனம், மேற்பார்வையாளர்கள் எல்லோரும் வேலை நேரத்தில் மஞ்சளிலேயே பேச வேண்டும் என்று உத்தரவு போட்டது. மற்ற நிறுவனங்களும் அதையே செய்தன. பயிற்சி மையத்துக்கும் அதே விதி வந்தது. மரகதவல்லி ஒரு காலையில் முடக்கத்தைத் திறந்து, மூன்றாவது விடையைத் தொட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள். முதல் சில நாட்கள் உளறினாள். ஒரு மாணவரிடம், உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்று சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

மையத்துக்கு இப்போது வேறு வகையான ஆட்கள் வந்தார்கள். ஊருக்குப் புதியவர்கள் குறைந்துவிட்டார்கள். கருவியில் ஊறிப்போன பழைய ஆட்கள்தான் அதிகம். நேர்ச்சொல்லைத் திறப்பது எப்படி என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. திறந்துவைத்தபடியே வேலையிலும் வீட்டிலும் பிழைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. மரகதவல்லி தானாக ஒன்றை உருவாக்கினாள். எண்ணம் தொண்டைக்கு இறங்குவதற்கு முன், மனத்துக்குள்ளேயே ஒரு வரியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வேண்டாத சொல்லை அங்கேயே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தொண்டையை அசையவிட வேண்டும். பட்டைக்குத் தெரிவது தொண்டை மட்டும்தான். அதற்கு மேலே நடப்பது அதற்குத் தெரியாது. மணி மஞ்சளாகவே இருக்கும்.

பலருக்கு இது கைவர மாதங்கள் ஆயின. அந்த வகுப்பில் ஒருநாள் துளசிமணி வந்து உட்கார்ந்தாள். நிறுவனம் அனுப்பியிருந்தது. பயிற்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்பது மரகதவல்லிக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் திணறிக்கொண்டிருக்கையில் அவள் மஞ்சளில், பிசிறில்லாமல், இனிமையாகப் பதில் சொன்னாள்.

இடைவேளையில் மரகதவல்லி அவளிடம் போய், வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் துளசிமணி. பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் தொடர்ந்தாள்.

"தெனமும் சாயந்தரம் கேப்பாருங்க. நான் இங்க இருக்கறது உனக்குச் சரியான்னு. சரிதானுங்கம்பேன். சில நாளைக்கு அது நெசந்தான். சில நாளைக்கு இல்ல. ரெண்டு நாளும் மணி மஞ்சளாத்தான் இருக்குது. பாத்துட்டு நிம்மதியாப் போயிருவாரு."

 பழையபடி ஒருமுறை திட்டிவிடலாமே என்றாள் மரகதவல்லி.

"திட்டோணும்னு நெனைக்கறப்பவே அது உள்ள வரியா நின்னுருதுங்க டீச்சர். நின்னா நான் திருத்திப்போடறேன்." துளசிமணி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "முன்ன பச்சையில சொன்னப்ப அவரு நம்ப மாட்டாரு. நெசமா, பொய்யான்னு என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு அது எரிச்சலா இருக்கும். இப்ப மொகத்தப் பாக்கறதே இல்லீங்க."

மாலையில் வகுப்பு முடிந்ததும் மரகதவல்லி வாசல்வரை வந்தாள். செங்கோடன் வண்டியோடு காத்திருந்தார். கால் நன்றாகத் தேறியிருந்தது. அவளைப் பார்த்ததும் இறங்கி நின்று வணக்கம் சொன்னார். டீச்சர் புண்ணியத்தில் குடும்பம் நல்லபடியாக ஓடுகிறது என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, வகுப்பு எப்படி இருந்தது, களைப்பாக இருக்கிறதா, வழியில் அவளுடைய அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டுப் போகலாமா என்று வரிசையாகக் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க," என்றாள் துளசிமணி. "களைப்பெல்லாம் இல்ல. போலாமுங்க."

செங்கோடன் அவள் கழுத்திலிருந்த மஞ்சள் மணியைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டிவிட்டு முன்பக்கம் திரும்பி வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஏறி உட்கார்ந்து, தெரு முனை திரும்பும்வரை வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த துளசிமணியின் களைத்த முகத்தை மரகதவல்லி மட்டும்தான் பார்த்தாள்.